ஒரு தலை கூடுதல்

செயின்ட் லூயிஸில் உள்ளரங்கக் கால்பந்து பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு மார்வின் டீக்ஹாஸ் என்ற பெயர் தெரியாது. 112-ஆம் பகுதியில் உட்கார்ந்து கத்துவாரே ஒருவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் குவார்ட்டரில் அறிவிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்றைய ஆட்டத்துக்கு வந்திருக்கும் ரசிகர்கள், ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது பேர்!" என்று முழங்குவார். அந்த முழக்கம் அடங்குவதற்குள் மார்வின் எழுந்து நிற்பார்.

"மூவாயிரத்து நூத்திப் பத்து!"

அரங்கமே சிரிக்கும். ஆட்டம் மோசமாகப் போகிற நாட்களில், கொடுத்த காசுக்கு அந்த ஒரு சிரிப்புதான் மிச்சம் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

அறிவிப்பாளரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மேலிருந்து எழுதிக் கொடுத்ததை அவர் படிக்கிறார். விற்ற டிக்கெட், பள்ளிக்கூடங்களுக்கு அள்ளி விட்ட டிக்கெட், கார் எண்ணெய் மாற்றும் கடையில் ரசீதோடு சேர்த்துக் கொடுத்த டிக்கெட் எல்லாமே கூட்டலில் சேரும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே, அப்படி ஆள் வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று. அணியின் பெயர் கேட்ஃபிஷ். நாம் கெளுத்தி என்றே வைத்துக்கொள்வோம். ஆற்றங்கரை ஊருக்குப் பொருத்தமான பெயர்தான். அடிச்சேற்றில் கிடக்கும், லேசில் சாகாது.

மார்வினுக்கு இந்த எண்ணும் பித்து கால்பந்தில் வந்ததில்லை. முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் மிருகக்காட்சி சாலைக்கு ஒரு வகுப்பை அழைத்துக்கொண்டு போனார். திரும்பும்போது எண்ணினார், ஐம்பத்திரண்டு. சரியாக இருந்தது. கிளம்பிவிட்டார். பாதி வழியில் பார்த்தால், ஐம்பத்திரண்டாவது ஆள் வேறு பள்ளிக்கூடத்துப் பையன். சாண்ட்விச் தின்றுகொண்டு ஜன்னலோரம் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான். நம் பிள்ளையோ குரங்குக் கூண்டுப் பக்கத்துக் கழிவறையில்! வண்டியைத் திருப்பிக்கொண்டு அவர் போன வேகத்தைப் பற்றி அதிகம் கேட்கக் கூடாது. எண்ணிக்கை சரியாக இருந்தும் ஆள் தப்பிப்போகலாம் என்று அன்று தெரிந்துகொண்டார். உள்ளே இருக்கிறவர்களோடு, வெளியே போயிருந்தாலும் வரவேண்டியவர்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டார். அதன்பிறகு ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் ஆசிரியரிடம் திரும்பி, "ஒரு ஆள்கூடக் குறையல" என்பார். அதைச் சொல்லாமல் ஒருநாளும் வண்டியை விட்டு இறங்கியதில்லை.

கெளுத்தியின் கதையை எழுத வருகிறவர்கள் பத்திரிகைக் கட்டுகளைப் புரட்ட வேண்டாம். மார்வின் எண்ணிய விதத்தைக் கேட்டாலே போதும். எண்பதுகளின் தொடக்கத்தில், ஊருக்குள் இருந்த பழைய பெரிய அரங்கத்தில் பதினைந்தாயிரம் பேர் நெருக்கியடித்தார்கள். அப்போது அவர் தலைகளை எண்ணுவதில்லை. காலி இருக்கைகளை எண்ணி மொத்தத்தில் கழித்துவிடுவார், ஐந்து நிமிட வேலை. தொண்ணூற்று ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலி இருக்கைகளை எண்ணிக்கொண்டே போனவர் பாதியில் பென்சிலைக் கீழே வைத்தார். தலைகளை எண்ணுவதுதான் சுலபம் என்று ஆகிவிட்டிருந்தது. அதன்பிறகு அணி இரண்டு தடவை கலைந்து இரண்டு தடவை முளைத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புறநகரில் ஒரு சின்ன அரங்கத்துக்குக் குடிபோனது. ஐஸ் ஹாக்கிக்கான பனித்தரை மேலேயே செயற்கைப் புல்லை விரித்து ஆடுவார்கள், முன்வரிசையில் உட்கார்ந்தால் கால் விறைத்துப்போகும். மார்வின் எல்லா இடத்துக்கும் கூடவே போனார், பருவம் முழுக்கச் செல்லும் இரண்டு பருவ டிக்கெட்டோடு. ஏழாம் எண் அவருக்கு, எட்டாம் எண் ரோசலிக்கு.

ரோசலி அவர் மனைவி. ஆட்டம் பற்றி எதுவும் தெரியாது. நடுவர் நீல அட்டை காட்டினால் அந்த ஆட்டக்காரர் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அது தண்டனை. களைத்துப்போனவருக்குக் கருணையோடு ஓய்வு கொடுக்கிறார்கள் என்று பதினெட்டு வருடம் நினைத்திருந்தார் ரோசலி. ஆனால் அணிக்கு அவரைவிட உபகாரம் செய்த ரசிகர் வேறு யாருமில்லை. ரோசலி எழுந்து பிரெட்சல், அதாவது உப்புத் தூவிய முறுக்கு ரொட்டி, வாங்கப் போனால் கெளுத்தி கோல் அடிக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அடிக்கும். முதலில் ஒருவர் கவனித்தார், பிறகு வரிசையே கவனித்தது, அப்புறம் அது 112-ஆம் பகுதியின் சட்டமாகவே ஆகிவிட்டது. நாலுக்கு ஒன்று என்று பின்தங்கினால் போதும், முன்வரிசையில் மாட்டுமணி ஆட்டிக்கொண்டிருக்கும் கிளாடின் திரும்புவார். தபால்காரர், தெரு முழுக்கக் கேட்கிற குரல்.

"ஏ ரோசலி, என்னடி இன்னும் உக்காந்திருக்க? கெளம்பு!"

"இப்பத்தானே ஒண்ணு தின்னேன்."

"உன் வயித்துக்கா அனுப்புறோம்? எங்க மானத்துக்கு அனுப்புறோம். போ!"

உடனே பகுதி முழுக்க, "பிரெட்சல்! பிரெட்சல்!" என்று தாளம் போட ஆரம்பிக்கும். ரோசலி ராணி மாதிரி கையசைத்துவிட்டுப் படியேறுவார். முப்பத்தாறு வருடத்தில் அவர் கண்ணால் பார்த்த கோல் நாற்பது தேறினால் அதிகம். "மத்தவங்க கோல் பாக்குறாங்க, நான் உப்பு பாக்குறேன்" என்பார், சிரித்துக்கொண்டே.

மார்வின் எண்ணுவது இரண்டாம் குவார்ட்டரில். அந்த நேரம் எட்டாம் எண் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே ஒன்று என்று போடுவார். வரிசையில் நிற்கிறவள் வரவேண்டியவள்தானே!

போன ஏப்ரலில், பருவம் முடிந்த எட்டாம் நாள், ரோசலி போய்விட்டார். இதயம். மார்வின் வாய் திறந்து அழுததை யாரும் பார்க்கவில்லை. அக்டோபரில் பருவ டிக்கெட் புதுப்பிக்கிற படிவம் வந்தபோது இரண்டு என்றே எழுதி அனுப்பினார். ஏன் என்று கேட்டிருந்தால் கோட்டு வைக்க என்று சொல்லியிருப்பார், ஆனால் யாரும் கேட்கவில்லை. முதல் ஆட்டத்தில் எண்ணும்போது கை பழக்கத்தில் எட்டாம் எண்ணுக்கும் ஒன்று போட்டுவிட்டது. கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த ஒன்றை அடித்தார். அடுத்த ஆட்டத்திலும் அடித்தார். ஊரான் பொய்க்கணக்கை நாற்பது வருடம் கிழித்தவர் தன் கணக்கில் பொய் எழுதலாமா? அவருக்கு அது வேதனையாக இருந்தது, இருந்தும் அடித்தார்.

இந்த நிலையில்தான் கெளுத்திக்குப் புது முதலாளி வந்தார். எமினா கரிச். சரக்கு லாரி கம்பெனி நடத்துகிறவர், நாற்பதைத் தொடுகிற வயது, போஸ்னியாவிலிருந்து சிறுமியாக வந்து இந்த ஊரின் தென்பகுதியில் வளர்ந்தவர். வந்ததும் அவர் செய்த முதல் காரியம் அரங்கத்தை உலுக்கிவிட்டது. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் குவார்ட்டரில் அறிவிப்பாளர் செருமினார். மார்வின் எழுந்து வாயைத் திறந்து தயாராக நின்றார்.

"இன்று வாசலைக் கடந்து உள்ளே வந்தவர்கள், மூவாயிரத்து இருநூற்று ஒன்பது பேர்."

மார்வின் கையிலிருந்த தாளில் மூவாயிரத்து இருநூற்று ஒன்று. எட்டு வித்தியாசம் ஒரு வித்தியாசமா? திறந்த வாயை என்ன செய்வது என்று தெரியாமல் தன் எண்ணையே கத்தினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கிளாடின் மாட்டுமணியை அவர் காதோரம் ஆட்டி, "ஜெயிச்சுட்ட பெருசு! இனிமே உனக்கு வேலை இல்ல, வீட்டுல பூ நடு!" என்றார்.

அந்த வெற்றிக்கு ஆயுசு இரண்டு மாதம்கூட இல்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அது கடிதமாக வீடு தேடி வந்தது. நேர்மையான கணக்கு என்பது எங்கள் கொள்கை, ஆகவே பருவ டிக்கெட் இருக்கைகளில் தொடர்ந்து நான்கு ஆட்டம் ஆள் வராதவற்றை, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேவாலய அணிகளில் ஆடும் குழந்தைகளுக்கு ஒதுக்குகிறோம் என்றது கடிதம். கீழே ஒரு வரி. 112-ஆம் பகுதி, எஃப் வரிசை, எட்டாம் எண்: கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து மூன்று ஆட்டமாக ஆள் இல்லை. அடுத்த ஞாயிறு நான்காவது ஆட்டம்.

மறுநாளே மார்வின் அணியின் அலுவலகத்துக்குப் போனார். எமினா காப்பி கொடுத்து உட்காரவைத்தார். பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாதபோது இந்த ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்வியை மார்வினும் கேட்டார்.

"நீங்க எந்த ஹைஸ்கூல்?"

எமினா சிரித்தபடி சொன்னார். அந்த வழியில் மூன்று வருடம் வண்டி ஓட்டியதாக மார்வின் சொன்னார். பிறகு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இந்த சீட்டுக்கு நான் காசு கட்டியிருக்கேன்."

"தெரியும் சார். முழுசாத் திருப்பிக் குடுத்துடுவோம்."

"எனக்குக் காசு வேணாம். சீட்டு வேணும்."

எமினா கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "சார், நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. எனக்குப் பதினோரு வயசு இருக்கும். சர்ச்சுல ஓசி டிக்கெட் குடுத்தாங்கன்னு அப்பா எங்களைக் கூட்டிட்டு வந்தாரு. கூரையை ஒட்டி உக்காந்திருந்தோம். அப்பாவுக்கு இங்கிலீஷ்ல எண்ணு மட்டும்தான் தெரியும். மைக்ல ஒரு எண்ணு சொன்னாங்க, கீழருந்து நீங்க ஒரு எண்ணு கத்துனீங்க. என்னன்னு விசாரிச்சுட்டு அப்பா விழுந்து விழுந்து சிரிச்சாரு. 'இந்த ஊர்ல ஒருத்தன் எழுந்து நின்னு பொய்யின்னு கத்துறான், யாரும் அவனைப் புடிச்சுட்டுப் போகல. நாம இங்கேயே இருந்துடலாம்'னாரு. இந்த டீமை வாங்கினப்போ உங்களை நெனச்சுத்தான் அந்த எண்ணை மாத்தினேன்."

மார்வின் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காசு கட்டியாச்சு, ஆளு மட்டும் இல்ல. அதைத்தானே சார் நீங்க நாப்பது வருஷமாப் பொய்யின்னு கத்துனீங்க?" என்று எமினா மென்மையாகத்தான் கேட்டார்.

மார்வின் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கிளாடினுக்கு விஷயம் தெரிந்ததும் தொலைபேசியிலேயே குதித்தார். "ரோசலி செத்துப்போனதைச் சொன்னியா, இல்லையா?"

"சொல்லல."

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஊரே கேக்கக் கத்தத் தெரியுது, இதைச் சொல்லத் தெரியலையா?"

"சொன்னா பாவம்னு விட்டுடுவாங்க. பாவம் பாத்து யாரும் எனக்கு சீட்டு தர வேணாம் கிளாடின்."

"சரி, என் மச்சினன் ஓட்டிஸை அனுப்புறேன். எட்டுல உக்காரட்டும். ஆளும் ஆச்சு, கணக்கும் ஆச்சு."

"இன்ஷூரன்ஸ் விக்கிறானே, அவனா? இடைவேளை வர்றதுக்குள்ள என் தலையில ரெண்டு பாலிசி கட்டிடுவான்."

"அப்போ நீயே யாரையாவது புடி."

பிடிக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த இருக்கையில் வேறு யாராவது உட்கார்ந்து கோல் பார்ப்பதை நினைத்தாலே பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமை முழுக்க வீட்டில் எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. சலாமி இறைச்சி நறுக்கப் போனவர் கத்தியைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சலாமியை அலமாரியில் வைத்தார். போகட்டும், குழந்தைகள் உட்காரட்டும், நல்ல காரியம்தானே என்று முடிவு செய்தார். அரைமணி நேரத்தில் அந்த முடிவை மாற்றினார். ராத்திரிக்குள் மறுபடியும் பழைய முடிவுக்கே வந்திருந்தார்.

ஞாயிறு மதியம் நான்காம் வாசலில் நல்ல கூட்டம். டிக்கெட் அட்டைகளைக் கருவியில் காட்டி, கணக்கில் ஏற்றி, ஆட்களை உள்ளே விடுகிறவர் ட்ரீனா. நாற்பது வயதுக்காரர். முன்னொரு காலத்தில் ஆறு வருடம் மார்வினின் பேருந்தில் மூன்றாம் இருக்கையில் வந்தவர். இன்னும் அவரை மிஸ்டர் மார்வின் என்றுதான் கூப்பிடுவார். ரோசலியின் இறுதிச் சடங்குக்கும் வந்திருந்தார்.

"வாங்க மிஸ்டர் மார்வின். குளிருது, சீக்கிரம் உள்ள போங்க."

மார்வின் ஏழாம் எண் அட்டையை நீட்டினார். பீப். நகர்ந்திருக்கலாம். பின்னால் வரிசை நெளிந்துகொண்டிருந்தது. அவர் கை பணப்பைக்குள் போய் இன்னோர் அட்டையை எடுத்தது. அதை நீட்டவும் இல்லை, உள்ளே வைக்கவும் இல்லை. பின்னாலிருந்து ஒருவர், "பெரியவரே, போட்டோவுக்கு நிக்கிறீங்களா?" என்றார்.

ட்ரீனா அட்டையைப் பார்த்தார். பிறகு அவர் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தார்.

"ரெண்டா, மிஸ்டர் மார்வின்?"

"ரெண்டு," என்றார். அட்டையை நீட்டினார். "அவ பின்னாடி வர்றா."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம் சிவந்துபோனது. ட்ரீனா அட்டையை வாங்கிக் கருவியில் காட்டினார். பீப்.

"ஆட்டத்தை நல்லா ரசிச்சுப் பாருங்க, ரெண்டு பேரும்."

ஏழாம் எண்ணில் உட்கார்ந்தவர் கோட்டைக் கழற்றிப் பக்கத்து இருக்கையில் போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாம் குவார்ட்டரில் வழக்கம்போல எண்ணினார். பென்சில் எஃப் வரிசைக்கு வந்ததும் ஏழோடு நிறுத்தவில்லை. எட்டாம் எண்ணுக்கும் ஒன்று போட்டார். இந்தமுறை அதை அடிக்கவில்லை.

மூன்றாம் குவார்ட்டரில் கெளுத்தி ஐந்துக்கு மூன்று என்று பின்தங்கியிருந்தது. பந்து சுவரில் மோதிச் சுவரில் மோதி எதிரணிக்கே போய்க்கொண்டிருந்த நேரம். ஆட்டம் நின்ற ஓர் இடைவெளியில் அறிவிப்பாளர் செருமினார்.

"இன்று வாசலைக் கடந்து உள்ளே வந்தவர்கள், மூவாயிரத்து நானூற்றுப் பதினாறு பேர்."

அரங்கம் முழுக்க 112-ஆம் பகுதியின் பக்கம் திரும்பியது. பழகிவிட்டதல்லவா? எதிரணிக் கோல்காப்பாளர்கூட இடுப்பில் கைவைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். மார்வின் தாளைப் பார்த்தார். மூவாயிரத்து நானூற்று ஒன்பது என்றிருந்தது. வேறு நாளாக இருந்தால் அதைத்தான் கத்தியிருப்பார். அறிவித்த அந்த எண்ணில் ஒரு தலை பொய் என்று அந்த அரங்கத்தில் நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் நான்காம் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

மார்வின் எழுந்து நின்றார். கோட்டு மடியிலிருந்து வழுக்கிக் காலடியில் விழுந்தது.

"சரி!" என்று கத்தினார்.

கூட்டத்துக்குப் புரியவில்லை. நாற்பது வருடத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே கிடையாது.

"சரியா இருக்கு! ஒரு ஆள்கூடக் குறையல!"

முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது, பிறகு ஆரவாரம். மூலையில் இருந்த முதலாளியின் தனி மாடத்தில் எமினா எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். பாவம், தன் கணக்கு பாஸாகிவிட்டது என்ற சந்தோஷம் அவருக்கு.

கிளாடின் மட்டும் கைதட்டவில்லை. திரும்பி எட்டாம் எண்ணைப் பார்த்தார். ஓட்டிஸ் இல்லை, ஒருவரும் இல்லை, கோட்டுகூட இல்லை.

"என்னய்யா இது, காலியாக் கெடக்கு? ஒரு ஆளும் குறையலங்கிற?"

மார்வின் உட்கார்ந்து, தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அவ பிரெட்சல் வாங்கப் போயிருக்கா."

கிளாடின் அவரையே பார்த்தார். கண்ணைத் தபால்காரக் கோட்டின் கையால் துடைத்துக்கொண்டார். பிறகு திரும்பி, மாட்டுமணியைத் தூக்கி, நாலு தெருவுக்குக் கேட்கிற குரலில் ஆரம்பித்தார். "பிரெட்சல்! பிரெட்சல்!" ஒரு வருடமாக அந்தப் பகுதியில் யாரும் எடுக்காத தாளம். எஃப் வரிசை எடுத்தது, ஜி வரிசை எடுத்தது, ஏன் எதற்கு என்று தெரியாத புதுக் குழந்தைகளும் சேர்ந்து காலை உதைத்துக் கத்தினார்கள். மார்வினும் கத்தினார். கத்தும்போதே கண்ணீர் வழிந்தது, அவர் துடைக்கவில்லை.

கெளுத்தி அதன்பிறகு இரண்டு கோல் அடித்தது. எதிரணியும் ஒன்று அடித்தது. ஆறுக்கு ஐந்து, தோல்விதான்.

வெளியே போகும் படியில் கிளாடின் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு கோல்ல போச்சே பெருசு!"

"இன்னிக்கு நல்ல கூட்டம்ல," என்றார் மார்வின். "பிரெட்சல் வரிசை நீளமா இருந்திருக்கும்."